பித்தளை விளக்கும் பொடி

பித்தளையைப் புளி போட்டு விளக்கினால் கை எரியும் சார். வீரபாண்டித் திருவிழா நெருங்கிவிட்டால் வீட்டில் இருக்கிற குடம், அண்டா எல்லாம் முற்றத்துக்கு வந்துவிடும். பெண்கள் படுகிற பாடு கொஞ்சமில்லை. அதைப் பார்த்துத்தான் பொடியைக் கொடுத்தேன். காசுக்கு விற்கவில்லை. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

என் பெயர் செல்வின். அப்பாவுக்குத் தேனி கடைவீதியில் பாத்திரக்கடை. எனக்குக் கடையில் உட்காரப் பிடிக்கவில்லை. வீரபாண்டிக்குப் பக்கத்தில் ஒரு ஷெட் போட்டேன். ஈயம் உருக்கும் ஆலைகள் கழித்துப்போடும் கசடை வாங்கி, மாவாக அரைத்து, ஆசிட்டில் ஊறவைத்தால் இண்டியம் என்கிற உலோகம் கரைந்து வரும். உங்கள் போன் திரையில்கூட அது இருக்கிறது. லாரி லாரியாக அரைத்தாலும் ஒரு கைப்பிடிதான் தேறும். மிச்சமெல்லாம் சாம்பல் நிறப் பொடி. அதை முறைப்படி அப்புறப்படுத்தும் செலவு என் லாபத்தையே தின்றுவிடும்.

ஷெட்டில் பொடியைக் காயப்போடும் இருளம்மாள் ஒருநாள் ஒரு சொம்பைக் கொண்டுவந்து காட்டினாள். தங்கம் தோற்றுப்போகும்.

"மொதலாளி, இந்தப் பொடி என்னமா வெளக்குது பாத்தீகளா? எங்க தெருவுல எல்லாரும் கேக்குறாக."

"அள்ளிட்டுப் போ ஆத்தா" என்றேன். நான் சொன்னது அவ்வளவுதான். சாக்குச் சாக்காகப் போனது. தெருவே என்னை வாழ்த்தியது.

அவள் பேத்தி யுவராணி பாத்திரம் விளக்கும் இடத்திலேயே விளையாடும். எந்நேரமும் வாயில் விரல். நன்றாக நடந்த பிள்ளை தடுமாறத் தொடங்கியது. பேச்சு குறைந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டது. ஈயம்தான் என்று எனக்கு அப்போதே தெரியும். பாவி, பாவி என்று என்னை நானே திட்டிக்கொண்டேன் சார். சோறு இறங்கவில்லை. என் காரில்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

"வீட்டுல புதுசா எதாவது பொழங்குறீங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"எல்லாரும் பொழங்குறதுதான்யா" என்றாள் இருளம்மாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். வாய் திறக்கவில்லை.

போன வாரம் மறுபடி வந்தாள். "புள்ளைக்கு நல்லாகணும்னு கௌமாரியாத்தாளுக்குப் பால்கொடம் நேந்துருக்கேன் மொதலாளி. கொடம் வெளக்கக் கொஞ்சம் பொடி வேணும்."

இல்லை என்றால் ஏன் என்று கேட்பாள். என் கையாலேயே சலித்து, நைசான பொடியாகப் பார்த்துக் கொடுத்தேன். அபிஷேகம் போக மிஞ்சிய பாலைப் பிள்ளைக்குப் புகட்டியிருக்கிறாள். மறுநாள் வலிப்பு வந்தது. பிள்ளை பிழைக்கவில்லை.

கொலை என்று எழுதாதீர்கள் சார், அது பெரிய வார்த்தை. விவரம் தெரியாமல் நடந்துவிட்டது என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். என் மனைவி ஏஞ்சலும் அந்தப் பொடியைக் கேட்டாள்தான். நம் வீட்டுக்குள் அது வரக் கூடாது என்று சொல்லிவிட்டேன். பாவம், அவள் இன்றைக்கும் கை எரிய எரியப் புளி போட்டுத்தான் விளக்குகிறாள்.