கமரா விழுங்கின முடிச்சு

சமாதானக் காலம். ஓமந்தையில இயக்கப் பையள் சோதிக்கிற வரிசை, வவுனியாவுக்குப் போற சனம் வெயிலுக்க நிக்குது. எனக்கு முன்னால ஒரு தேப்பன், புதுத்தாலியோட அவற்ற மகள், கலியாணத்தை எடுத்த வீடியோக்காரன்.

"மாமா, தாலியை இன்னொருக்காக் கட்டுவமோ?" எண்டான் வீடியோக்காரன்.

"உனக்கென்ன விசரே?"

"கட்டினது வீடியோ ரேப்பில இல்லை, மாமா. நிப்பாட்டின உடன இந்தக் கமரா ரேப்பைக் கொஞ்சம் பின்னால இழுக்கும். திரும்ப அமத்தினால் அதுக்கு மேல பதியும். முடிச்சுப் போட்ட கையோட நிப்பாட்டிப்போட்டன். அடுத்த துண்டு அதை விழுங்கிட்டுது."

"ஏனடா உடன நிப்பாட்டினனீ?"

"பற்றறி முடிஞ்சிடுமெண்டுதான்."

அது வன்னிப் பழக்கம். கரண்ட் இல்லாத காலத்தில சைக்கிளை மிதிச்சு டைனமோவில ரேடியோ கேட்டனாங்கள். செய்தி முடிஞ்ச உடன நிப்பாட்டிப்போடுவம்.

"மருமோன் நாளைக்குக் கனடாவுக்கு ஏறுறார். தாலி கட்டுறது தெரியாட்டி என்ர பிள்ளையின்ர விசாவுக்கு ஆர் பதில்?"

"அதுதான் சொல்லுறன். அவர் இப்ப வவுனியாவிலதானே நிக்கிறார்."

"கட்டின தாலியைக் கழட்டச் சொல்லுறியோ?"

வரிசையே திரும்பிப் பார்த்தது. மகள் தாலியைப் பொத்திப் பிடிச்சாள். வரிசை நாலடி நகர்ந்தது.

"பற்றறி எவ்வளவு கிடக்கு?" எண்டார் தேப்பன், மெல்ல.

"பத்து நிமிசம் வரும்."

"முடிச்சுப் போட்ட பிறகும் ஓடட்டும். நான் சொல்ல முதல் நிப்பாட்டினியெண்டால் கையை முறிப்பன்."

பிறகு மகளிட்டத் திரும்பினார். "பிள்ளை, கொம்மாவுக்கு மூச்சுக் காட்டாத."