சைபர் எழுதிய சீட்டு

இன்ஸ்பெக்டர் ஐயா, பென்சில் கேட்டேன். கூடாது, பேனாவில்தான் எழுத வேண்டும் என்று சொல்லிவிட்டீர்கள். பென்சில் என்றால் பிற்பாடு அழித்துவிடுவேன் என்று பயம் போலிருக்கிறது. எனக்கும் உங்கள் மேல் அதே பயம்தான், அதனால் பேனாவே நல்லது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். ஆனால் எண்ணைத் தப்பாக எழுத மாட்டேன்.

முதலில் என் தொழில். சிலிண்டரின் கழுத்தில் கடிகாரம் மாதிரி ஒரு வட்டம் இருக்குமே, உள்ளே முள் ஒன்று ஆடுமே, அதற்குப் பெயர் கேஜ். உள்ளே எவ்வளவு காற்று மிச்சம் என்று முள் சொல்லும். முள் சொல்வது நிஜமா என்று பார்ப்பவன் நான். ஆஸ்பத்திரிக்காரர்கள், வெல்டிங் பட்டறைக்காரர்கள், ஐஸ் கம்பெனிக்காரர்கள், எல்லோரும் என் பெஞ்சுக்குத்தான் அனுப்புவார்கள். நாற்பத்தோரு வருஷத்தில் நிஜம் சொன்ன கேஜ் ஒன்றுகூட என் கைக்கு வந்ததில்லை. ஒன்று இரண்டைக் கூட்டிச் சொல்லும், இன்னொன்று மூன்றைக் குறைத்துச் சொல்லும். ஆனாலும் மனுஷனுக்குக் கேஜ் எவ்வளவோ தேவலை. எவ்வளவு பொய் என்று கண்டுபிடித்து அதன் முதுகில் சீட்டு ஒட்டிவிடலாம். ‘கழி 2’, ‘கூட்டு 3’, கீழே பார்த்தவர் பெயர். சீட்டைப் பார்த்துக் கணக்குப் போட்டுக்கொண்டால் யாருக்கும் கெடுதல் இல்லை. மனுஷன் முதுகிலும் ஒட்ட வசதி இருந்திருந்தால் நான் இன்று உங்கள் மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருக்க மாட்டேன்.

வித்தியாசமே இல்லை, சைபர் என்று மட்டும் எழுதக் கூடாது. சைபர் எழுதுகிறவன் ஒன்று சோம்பேறி, இல்லாவிட்டால் திருடன். என் மகளுக்குப் பெஞ்சில் நான் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் இது.

அவளுக்கு அப்போது பத்தொன்பது வயது. இப்போது முப்பது. பதினோரு வருஷம் எனக்குப் பக்கத்துப் பெஞ்சு. அவள் அம்மாவைப் பற்றிக் கேட்டீர்கள். மகளுக்கு ஆறு வயதாகும்போது ‘அம்மா வீட்டுக்குப் போயிட்டு வரேன்’ என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். இன்னும் வந்துகொண்டே இருக்கிறாள். பாவம், தூரம் அதிகம் போலிருக்கிறது.

எங்கள் பட்டறைக்கு எதிர் வரிசையில் மாடியில் ஒரு கம்பெனி. மலைக்குக் கூட்டிக்கொண்டு போகிற கம்பெனி. சும்மா மலை இல்லை, இமயமலையில் வாயில் நுழையாத பெயர் உள்ள ஒரு சிகரம். அங்கே காற்று பத்தாது, அதனால் காற்றை முதுகில் கட்டிக்கொண்டு போக வேண்டும். காற்று தாராளமாக இருக்கிற இடத்தில் பிறந்து, காற்று இல்லாத இடத்துக்குக் காற்றைச் சுமந்துகொண்டு போவதற்கு ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். ‘உங்கள் எல்லையைத் தாண்டுங்கள்’ என்று நோட்டீஸ் போட்டிருந்தார்கள். எல்லை தாண்டினால் மாட்டைப் பட்டியில் அடைப்பார்கள். இவர்கள் மெடல் கொடுக்கிறார்களாம்.

இந்த வருஷத்துக் கூட்டத்தில் ஒரு பல் டாக்டர் இருந்தார். ஒரே மாதிரி ஜாக்கெட் போட்ட புருஷன் பெண்டாட்டி ஒரு ஜோடி. வீட்டுப் புரோக்கர் ஒருவர், உச்சியில் நட்டுவிட்டு வரத் தன் போட்டோ போட்ட கொடியோடு வந்தவர். அங்கே யார் வீடு வாங்குகிறார்கள் என்று நான் கேட்கவில்லை. மாடி ஹாலில் இரண்டு மேசைக்கு நடுவே ஏணியைப் படுக்கப்போட்டு, ஆணி வைத்த பூட்ஸோடு அதன்மேல் நடந்து பழகுவார்கள். பனியில் பிளவு வந்தால் தாண்டுவதற்காம். கண்ணாடிக் கதவு வழியே பார்த்தேன். ஏணியை நிற்க வைத்துத்தான் எனக்குப் பழக்கம்.

ஏணி மேல் கடைசியாக நடந்தது என் மகள்.

நாலு வருஷமாக அவள் ஆயத்தம் செய்திருக்கிறாள், எனக்குத்தான் உறைக்கவில்லை. பழைய பித்தளைத் துண்டுகளை மூட்டை கட்டி முதுகில் போட்டுக்கொண்டு நாங்கள் குடியிருக்கிற கட்டடத்தின் ஆறு மாடியும் ஏறி இறங்குவாள். உடம்புக்கு நல்லதுப்பா என்பாள். நானும் பித்தளை பத்திரமாக வீட்டுக்கு வருகிறதே என்று இருந்துவிட்டேன்.

“பாப்பா, அங்க என்ன இருக்குன்னு போற?”

“ஒண்ணும் இல்லப்பா. அதான் போறேன்.”

“ஒண்ணும் இல்லாததைப் பார்க்கணும்னா என் பெட்டியைத் திறந்து பாரு. எதுக்கு அவ்வளவு தூரம்?”

“நீங்க இந்தப் பெஞ்சை விட்டு எங்கயாவது போயிருக்கீங்களா?”

“போனவங்க லட்சணத்தைப் பார்த்தேன். அது போதும்.”

அவள் சிரித்தாள். அம்மாவைச் சொன்னால் எப்போதும் அப்படித்தான் சிரிப்பாள், உதட்டோடு.

இனி அந்தக் கம்பெனியின் கைடு, மலையில் வழி காட்டிக் கூட்டிப்போகிறவன். அவனுக்கு வீட்டில் வைத்த பெயர் ஏதோ இருக்கிறது, உங்கள் காகிதத்திலேயே எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அவன் தாடி. ஒவ்வொரு வருஷமும் புறப்படுவதற்கு முன்னால் கம்பெனியின் கேஜ்களை ஒரு கித்தான் பையில் போட்டுக் கொண்டுவருவான். மற்றவர்கள் பையைப் போட்டுவிட்டுப் போவார்கள். இவன் உட்கார்ந்து ஒவ்வொரு சீட்டையும் வாய்விட்டுப் படித்து, நோட்டில் குறித்துக்கொண்டு போவான். அக்கறையான ஆள். அக்கறையான ஆட்களிடம்தான் எனக்குச் சந்தேகம் அதிகம். ஏழு வருஷம் என்னை ‘ஐயா’ என்று கூப்பிட்டான். எட்டாவது வருஷம், ஒரு புதன்கிழமை மத்தியானம், பேச்சோடு பேச்சாக ‘மாமா’ என்றான். என் மகள் தலையைக் குனிந்துகொண்டு ஏற்கெனவே துடைத்த கேஜை மறுபடி துடைத்தாள். அவ்வளவுதான், எனக்குச் சீட்டு படித்த மாதிரி ஆகிவிட்டது. மலை முடிந்ததும் அவன் ஊரில் இருவரும் சேர்ந்து ஒரு கம்பெனி வைக்கிற யோசனையாம். பிறகு மெதுவாகச் சொன்னாள். அவன் ஊர் இங்கிருந்து இரண்டு நாள் பயணம்.

எந்தப் பேச்சில் ‘மாமா’ என்றான் என்பதைப் பிறகு எழுதுகிறேன். நீங்கள் அடிக்கோடு போட்ட கேள்விக்கு அங்கேதான் பதில் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை என் மகளுடைய கேஜை எடுத்துக்கொண்டேன். முள்ளுக்குப் பின்னால் குண்டூசி அளவு கம்பி ஒன்று உண்டு. அதைக் கொஞ்சம் வளைத்தால் முள்ளின் குணம் மாறும். சும்மா வளைத்தால் பாட்டில், அதாவது அவர்கள் சுமக்கிற சிலிண்டர், முழுசாக இருக்கும்போதே காட்டிக்கொடுத்துவிடும். முழு பாட்டிலுக்கு முந்நூறு, அதில் சரியாக நிற்க வேண்டும், பாதியை நெருங்கிய பிறகுதான் குறைத்துச் சொல்ல வேண்டும். ஊரில் எல்லோரும் முழு பாட்டிலில்தான் கேஜைச் சோதிக்கிறார்கள். பெண் பார்க்கும்போது மாப்பிள்ளையைச் சோதிக்கிற மாதிரி. நாலு மணி நேரம் பிடித்தது. நூற்றைம்பத்தைந்து இருக்கும்போது நூறு என்றது. தொண்ணூற்றைந்து இருக்கும்போது நாற்பது என்றது. என் கையால் செய்த வேலைகளில் இவ்வளவு சுத்தமாக வந்தது வேறில்லை. பார்க்கத்தான் ஆள் இல்லை.

என் கணக்கு நியாயமானது. கம்பெனி ரூல் என்ன? முள் நூறைத் தொட்டால், எங்கே இருந்தாலும் திரும்ப வேண்டும். உச்சி எட்டும் தூரத்தில் இருந்தாலும் சரி. இவள் கேஜ் சீக்கிரமே நூறைத் தொடும், இவள் திரும்புவாள், மெடல் கிடைக்காது, மலை ஆசை விட்டுப்போகும். காற்றும் கையில் உபரியாக இருக்கும். மகளுக்கு ஆபத்து வராமல் இதைவிட எந்த அப்பன் யோசிப்பான்?

சீட்டில் மட்டும் கை நின்றது. ‘கூட்டு 55’ என்று எழுதினால் வளைத்து என்ன பிரயோஜனம். ‘கூட்டு 2’ என்று எழுதினால் பொய். பொய் எழுதிப் பழக்கம் இல்லை. கடைசியில் சைபர் எழுதினேன்.

அவள் கேஜைத் திருப்பிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

“அப்பா, சைபரா?”

“ஆமா.”

“உங்க கையாலயா?”

“பின்னே யார் கையால?”

என் தோளில் நெற்றியை வைத்துக்கொண்டாள். பத்து வயதுக்குப் பிறகு அவள் அப்படிச் செய்ததில்லை. “அப்போ போயிட்டு வரச் சொல்றீங்க,” என்றாள். ஆசீர்வாதம் என்று எடுத்துக்கொண்டாள். நான் திருத்தவில்லை. முதல் நாள் சொல்லிக்கொடுத்த பாடத்தை, தேவைப்பட்ட அந்த ஒரு நாளில் மறந்துவிட்டாள். பாசம் வந்தால் படிப்பு போய்விடும். அதற்கு நான் என்ன செய்ய?

மேலே நடந்ததை நான் பார்க்கவில்லை. பல் டாக்டர் துக்கம் கேட்க வந்து சொன்னார். உச்சிக்குக் கீழே ஒரு மேட்டில் இவள் முள் நூறைத் தொட்டிருக்கிறது. மற்றவர்களுக்கு நூற்றைம்பதுக்கு மேல். பாட்டில் ஒழுகுகிறது என்று நினைத்திருக்கிறார்கள். மாற்று பாட்டில்கள் இறங்கும் வழியில், ரொம்பக் கீழே. இவள் ரூல்படி திரும்பிவிட்டாள். என் மகள், ரூலை மீற மாட்டாள். தாடிதான் விடவில்லை. “நாலு வருஷமா எதுக்குப் பித்தளை சுமந்தே? போ,” என்று தன் மாஸ்க், குழாய், கேஜோடு பாட்டில் எல்லாவற்றையும் கழற்றி இவளுக்கு மாட்டிவிட்டு, இவளுடையதை அவன் மாட்டிக்கொண்டான். இரண்டாவது கைடோடு இவர்களை மேலே அனுப்பிவிட்டு அந்த மேட்டில் காத்திருந்தான்.

போய்விட்டு வர மூன்று மணி நேரம். இறங்கும்போது அவன் பாறையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தானாம். ஒரு கையுறை மடியில். முள் நாற்பதில் நின்றது, குழாய் மூடியிருந்தது. அவனேதான் மூடியிருக்கிறான். இறங்கி வருகிறவளுக்கு அந்த நாற்பது மட்டுமாவது மிச்சம் இருக்கட்டும் என்று.

நாற்பது இல்லை, தொண்ணூற்றைந்து. அவன் முதுகில் இருந்தது அவனுக்கும் போதும், அவளுக்கும் போதும்.

பல் டாக்டர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “உங்க கேஜ் மட்டும் சரியா எச்சரிக்கலைன்னா பொண்ணும் போயிருக்கும் பெரியவரே,” என்றார். பல்லைப் பிடுங்குகிறவர், நல்ல மனுஷன். டீ கொடுத்து அனுப்பினேன்.

இப்போது அடிக்கோடு போட்ட கேள்வி. ‘அவர் தன் காற்றைக் கொடுப்பார் என்று உமக்கு முன்பே தெரியுமா?’

அந்தப் புதன்கிழமை நான்தான் பேச்சை எடுத்தேன். “மேல எவனுக்காவது காத்து தீர்ந்துபோச்சுன்னா என்ன பண்ணுவீங்க?”

“திருப்பிக் கூட்டிட்டு வந்துடுவோம் ஐயா. ரூல் அது.”

“என் பொண்ணுன்னா?”

தாடியைச் சொறிந்துகொண்டே சிரித்தான். “அவளுக்குன்னா என்னோடதைக் கழட்டிக் கொடுத்துடுவேன் மாமா.”

அவன் சொன்னது புதன். நான் வளைத்தது வெள்ளி. நடுவில் வியாழக்கிழமை ஒரு நாள் இருந்தது, அன்று முழுக்க யோசித்தேன். போதுமா? அதையும் எழுதிவிட்டேன்.

அவனைக் கொல்ல வேண்டும் என்று எனக்கு எண்ணமே இல்லை. வாயால் சொன்னானே, நிஜமா என்று பார்க்க வேண்டாமா? அது என் தொழில். பார்த்தேன். அவன் சொன்னதற்கும் செய்ததற்கும் ஒரு புள்ளி வித்தியாசம் இல்லை. நாற்பத்தோரு வருஷத்தில் சைபர் எழுதத் தகுந்தது அது ஒன்றுதான் என் கைக்கு வந்தது. அதன் முதுகில் ஒட்ட முடியாது, உடம்பை மேலேயே விட்டுவிட்டு வந்துவிட்டார்களாம்.

மகள் வந்தாள். விரல் இரண்டு கறுத்திருந்தன. பையிலிருந்து கேஜை எடுத்து அவள் பெஞ்சில் பொருத்தினாள். முழுசாக வைத்துப் பார்த்தாள், சரியாக இருந்தது. யாராயிருந்தாலும் அங்கே நிறுத்தியிருப்பார்கள். இவள் பாதிக்கு இறக்கினாள், கால்வாசிக்கு இறக்கினாள். முள்ளை அசையாமல் பார்த்துக்கொண்டே நின்றாள். பெருமையாகத்தான் இருந்தது, நான் பழக்கின கை. பிறகு என் சைபரை நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டு வேறு சீட்டு எழுதி ஒட்டினாள். ‘கூட்டு 60’. கீழே, பார்த்தவர் என்ற இடத்தில் தன் பெயர். கேஜைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போனாள். உங்களிடம்தான் வந்திருக்கிறாள். “போயிட்டு வரேன்” என்றுகூடச் சொல்லவில்லை. அதனால் வந்துவிடுவாள் என்று எனக்கு நம்பிக்கை இருக்கிறது. சொல்லிவிட்டுப் போனவர்கள்தான் வருவதில்லை.

கம்பியை வளைத்தது நான். சைபர் எழுதியது நான். தெரிந்துதான் செய்தேன். கையெழுத்து கீழே போட்டிருக்கிறேன்.

ஒரு திருத்தம் மட்டும். உங்கள் காகிதத்தில் அவள் சீட்டைப் பார்த்து அறுபது என்று எழுதியிருக்கிறீர்கள். அது ஐம்பத்தைந்து. விரல் வலியில் ஐந்து தப்பாகப் பார்த்துவிட்டாள். அவள் பெஞ்சை யாரும் நகர்த்த வேண்டாம் என்று சொல்லிவையுங்கள். வந்து உட்கார்ந்ததும் முதல் வேலையாக அதைத்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும்.