மீன் சுற்றிய கிராம்பு எண்ணெய்த் தாள்

கடலூரிலிருந்து விருத்தாசலம் வந்த பஸ்ஸில், என் முன்சீட்டில் மீன் விற்கும் ஓர் அக்காவும் அவருடைய கொழுந்தனாரும் இருந்தார்கள். அக்காவின் கணவர் வரவில்லை.

"மீனுக்குப் பல்லுவலியா? கிராம்பு எண்ணெ வாட தூக்குது!" என்றார் கண்டக்டர்.

"மீனு கெடாம இருக்க, சுத்துற தாள்ல தடவியிருக்கோம்ணே," என்றார் அக்கா.

கொழுந்தனார் குரலைத் தாழ்த்தினார். "நேத்து செவுளத் தூக்கி மோந்து பாத்துட்டு, அழுவுன மீனுக்கு மருந்து போட்டிருக்கோம்னு ஒருத்தரும் வாங்கல. அண்ணன் வெக்கப்பட்டு வரல. இன்னிக்கும் விக்கலன்னா யாவாரமே முடிஞ்சிது. தாள வுட்டுருங்க அண்ணி."

"வூட்ல வறுத்துத் தின்னியே, கெட்டுப்போயா இருந்துச்சு?"

"நல்லாத்தான் இருந்துச்சு."

"அப்ப அவங்களும் தின்னு பாக்கட்டும். ஸ்டவ்வு எடுத்தாந்திருக்கேன். அந்தப் பெரிய வஞ்சிரத்த மார்க்கெட்லியே வறுத்து, வரவங்களுக்கெல்லாம் சும்மா குடுக்கப்போறேன்."

"அய்யோ, அது ரெண்டாயிரம் ரூவா அண்ணி!"

"யாவாரமே போறதுக்கு, ரெண்டாயிரம் ரூவாயோட போவட்டும்."