தபீத்தா கடவு

இந்த ஓட்டுக்கோயில் எழும்புறதுக்கு ரொம்ப முந்தி, நம்ம செம்மணல்விளை நாப்பது ஓலைக்குடிசையா கெடந்த காலத்துல, தபீத்தான்னு ஒருத்தி இருந்தாளாம். கேட்டுக்கிடுங்க. அவ புருசன் மாசிலாமணி பனையேறி. கையில எட்டு மாசத்துப் பொம்பளப்பிள்ள. வீட்டுல மாமியா அன்னப்பழம்.

அந்தக் கோடையில பக்கத்தூரு புளியடியில வாந்திபேதி வந்துட்டு. காலையில கஞ்சி குடிச்சவன் சாயங்காலம் மண்ணுக்குள்ள போனானாம். நம்மாட்கள் என்ன செஞ்சாவ? ஊரச் சுத்தி உடைமுள்ள வெட்டிப் போட்டு அடைச்சாவ. வெளிய போனவங்க திரும்பி உள்ள வரக்கூடாதுன்னு கட்டுப்பாடு. கோயில் மணிச்சத்தம் கேட்டு பேதி வழி கண்டுபிடிச்சிருமோன்னு, மணியைக்கூட அடிக்கலயாம்.

மூணாம் நாள், வெயில் ஏறுற நேரம். முள்ளுக்கு அந்தாண்ட ஒரு சத்தம். தண்ணி. தண்ணி.

தபீத்தா முள்ளு இடுக்குல பாத்தா, மணல்ல ஒருத்தன் கெடக்கான். யாரு? புளியடி சுடலைக்கண்ணு. போன வருசம் நம்ம பழைய ஓலைக்கோயிலுக்குத் தீ வச்சவன். உள்ள இருந்த பிள்ளைகளத் தூக்கப் போயி வெந்து செத்தது தபீத்தாவோட மாமனார்.

"அவன் கெடக்கட்டும்ட்டி"ன்னாளாம் அன்னப்பழம். "உம் மாமனும் தண்ணி தண்ணின்னுதான் செத்தாரு."

தபீத்தா, கோயில்ல வேதம் வாசிக்கிற உபதேசியார்கிட்ட ஓடுனா. "ஐயா, பகைக்கிறவங்களுக்கும் நல்லது செய்யச் சொல்லி ஆண்டவர் சொன்னார்னு ஞாயித்துக்கிழம வாசிச்சியளே."

"வாசிச்சேம்மா"ன்னாராம் அவரு. வேர்த்துக் கொட்டுது அவருக்கு. "வாசிக்கும்போது பயமில்ல. இப்ப பயமாருக்கு."

அவளுக்கும் பயந்தான். பிள்ளைக்குப் பால் குடுத்தா. மாமியா மடியில போட்டா. ஒரு கலயத்துல உப்புப் போட்ட கஞ்சித்தண்ணிய எடுத்துட்டு, முள்ள விலக்கி வெளிய நுழைஞ்சா. பனை உச்சியில இருந்து மாசிலாமணி பாத்துட்டான். "தபீத்தா, போவாத. பிள்ளைய நெனைச்சுப் பாரு"ன்னு கூப்பிடுதான். அவ நிமிந்தே பாக்கலயாம். பாத்தா திரும்பிருவோம்னு அவளுக்குத் தெரியும்.

சுடலைக்கண்ணு கலயத்துல வாய வச்சான். வச்சவன் அவ முகத்தப் பாத்தான், துப்பிட்டான். "நீ அந்தத் தீயில செத்தவரு மருமவல்லா? விசத்தையா கொண்டாந்த?"

தபீத்தா கலயத்தப் பாத்துக்கிட்டே நின்னா. அவன் வாய் வச்ச கலயம். விளிம்புல அவன் எச்சி. ஒரு வாய் குடிச்சுக் காட்டாம அவன் குடிக்க மாட்டான்.

ஆண்டவரேன்னு கண்ண மூடிட்டுக் குடிச்சாளாம்.

அப்புறம் அவனும் குடிச்சான்.

அன்னையில இருந்து தபீத்தாவுக்கு வெளியவே இருப்பு. ஊர்க்காரங்க கஞ்சியை வேலிக்கு மேல கயித்துல இறக்குவாவ, ஓடிருவாவ. வயிறு இரைஞ்சா இதுதானோன்னு நினைப்பா. நாக்கு வறண்டா இதுதானோன்னு நினைப்பா. உள்ள பிள்ள அழும். இங்க பால் கட்டி மாரு வலிக்கும். பயம் போச்சான்னு பின்னால கேட்டவங்களுக்கு, "ஒரு நாளும் போகல"ன்னே சொல்லுவாளாம்.

சுடலைக்கண்ணு பிழைச்சு உக்காந்தான். எட்டு நாளாச்சு, அவளுக்கும் ஒண்ணும் வரல. ஆனாலும் ஊரு வேலியத் திறக்கல. ஒருத்தரும் பக்கத்துல போகப் பயம்.

ஒம்பதாம் நாள் காலையில அரிவாள் சத்தம். அன்னப்பழம் முள்ள வெட்டுதா. இடுப்புல பிள்ள. தடுக்க வந்தவங்க அந்த முகத்தப் பாத்து விலகிட்டாவ. வெளிய வந்து பிள்ளைய மருமவ மடியில போட்டா. சுடலைக்கண்ணுவ ரொம்ப நேரம் பாத்தாளாம். அவனால தலை தூக்க முடியல.

"நடக்க முடியுமால?"ன்னு கேட்டா. முடியலன்னான்.

"அப்ப என் தோளப் பிடி."

அன்னைக்கு முள்ள வெட்டி விட்ட அந்த இடைவெளிதான் கடவு. தபீத்தா கடவு. வேலி போயி மதில் வந்தப்பவும் அங்க மட்டும் கதவு போடல. அந்த வழியா யாரு வந்தாலும், எந்த ஊரு, என்ன ஆளுன்னு நாம கேக்கிறதில்ல. மொதல்ல நாம ஒரு வாய் குடிச்சுட்டு, அதே செம்பத்தான் அவங்க கையில குடுக்கோம்.