நிறம் கூடுதல்

காலண்டரை அப்படிச் சுருட்டி வைக்காதீர்கள், சார். ஆர்ட் பேப்பர். ஒருமுறை மடிப்பு விழுந்தால் படத்தின் குறுக்கே வெள்ளைக் கோடு அப்படியே நின்றுவிடும். விரித்து, மூலையில் அந்தத் தண்ணீர்க் குப்பியை வையுங்கள். ஆமாம், அப்படித்தான். இனிப் பேசலாம்.

நான் ரெத்தினதாஸ். பாறசாலையில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். இந்தப் பக்கத்துச் சபைக் குடும்பங்களின் ஞானஸ்நானம், கல்யாணம், மரண வீடு எல்லாம் நான் எடுத்ததுதான். மரண வீட்டில் சவப்பெட்டியைச் சற்றுச் சாய்த்து வைத்து, சொந்தக்காரர்கள் சுற்றி நிற்க ஒரு குரூப் எடுப்போம். கல்ஃபில் இருப்பவர்களுக்கு அனுப்ப வேண்டுமே. அதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. மாரில் அடித்து அழுகிறவர்களை ஒரே வரிசையில், ஒரே பக்கம் பார்க்க வைப்பது லேசான வேலை இல்லை.

சூரிய அஸ்தமனம் எடுப்பது லேசான வேலை. அது தினமும் நடக்கிறது, இலவசமாக நடக்கிறது, அசையாமல் நிற்கச் சொல்ல வேண்டியதும் இல்லை. ஞாயிற்றுக்கிழமையானால் காரில் அடைத்துக்கொண்டு பூவாறு கடற்கரைக்கு வருகிறார்களே, பார்த்திருப்பீர்கள். சூரியனை உள்ளங்கையில் ஏந்துவதுபோல ஒருவன், உதட்டில் வைப்பதுபோல ஒருத்தி. வீட்டுக்குப் போய் நிறத்தை ஏற்றுவார்கள். கேசரிப் பொடியைக் கொட்டியதுபோல ஒரு வானம். அதைப் பார்த்து வாயைப் பிளக்க ஒரு கூட்டம். சூரியனை அவர்கள் வீட்டு மாடியிலிருந்தே பார்க்கலாம், பார்க்க மாட்டார்கள். வெட்கங்கெட்ட ஜனம்.

நிபின் அந்தக் கூட்டத்தில் கொஞ்சம் பொறுமைசாலி. அதை நான் மறுக்கவில்லை. மலைப்பக்கத்து வெள்ளறடைக்காரன், ரப்பர் ஷீட் வியாபாரம். எங்கள் சபைப் பெண் ஜோஸ்னாவைக் கட்டியதால் எங்கள் சபைக்கு வந்தான். அவர்கள் கல்யாணப் படமும் நான்தான் எடுத்தேன். மலை, கடல், காயல் என்று விடுமுறை நாளெல்லாம் அலைவான். திங்கட்கிழமை என் கடைக்கு வந்து பிரிண்ட் போட்டு, கவுண்டரில் பரப்பி வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்ப்பான்.

"அண்ணா, எப்படி உண்டு?"

"நிறம் கூடுதல்."

"நான் ஒண்ணும் சேக்கல்ல அண்ணா. உள்ளதாக்கும் இது."

மாட்டிக்கொண்டவன் எல்லாம் அப்படித்தான் சொல்வான், உங்களுக்குத் தெரியாததா. நான் சிரித்துவிட்டு விட்டுவிடுவேன்.

எங்கள் சபையில் கிறிஸ்துமசுக்கு முன்னால் வீட்டுக்கு ஒரு காலண்டர் கொடுப்பது வழக்கம். நான் இளவட்டமாக இருந்த காலம் தொட்டு அதில் என் படம்தான். ஆலய முகப்பு, அறுப்புப் பண்டிகை, பெண்கள் ஐக்கியம். கீழே ஓரத்தில் 'படம்: ரெத்தினதாஸ்' என்று சின்ன எழுத்தில் இருக்கும். யார் வீட்டுக்குப் போனாலும் சுவரில் நான் இருப்பேன். இது ஒரு பெரிய காரியமா என்று கேட்பீர்கள். எனக்குப் பெரிய காரியம். என்னிடம் வேறு எதுவும் இல்லை.

போன வருஷம் கமிட்டி நிபினின் அஸ்தமனத்தைப் போட்டது. ஆலயத்தின் காலண்டரில் ஆலயம் இல்லை. ஒரு தென்னை, ஒரு வள்ளம், கேசரி வானம். கமிட்டிச் செயலாளர் செல்லசாமியிடம் கேட்டேன். அவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னார்:

"வெசனப்படாதயும் தாசு. ஒம்ம படம் எல்லாம் மரிச்ச வீட்டுப் படம் போலயாக்கும் இருக்கு. செவருல மாட்டுனா ஒரு சந்தோசம் வேண்டாமா? அடுத்த வருசத்துக்கும் அந்தப் பயலத்தான் கேட்டிருக்கோம்."

நான் கோபப்படவில்லை. என் மனைவி சுகிர்தபாயைக் கேட்டுப் பாருங்கள், அன்று ராத்திரி கப்பையும் மீனும் நன்றாகவே சாப்பிட்டேன். ஆனால் ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் ஒரு பொய் தொங்கப்போகிறது, வருஷாவருஷம் தொங்கப்போகிறது என்பது எனக்கு நன்றாகப் புரிந்தது. ஒருவன் அதை நிறுத்த வேண்டும். நான் செய்ததற்குக் காரணம் அதுதான். புகார் கொடுத்த ஞானையன் அதைப் பொறாமை என்று உங்களிடம் சொல்லியிருப்பார். அவருக்கு மனுஷனைப் பற்றி என்ன தெரியும்.

அடுத்த காலண்டருக்குப் புதிதாக ஒரு இடம் வேண்டும் என்று நிபின் தேடிக்கொண்டிருந்தான். நான் பொழியைச் சொன்னேன். நீங்கள் ஊருக்குப் புதிது, அதனால் சொல்கிறேன். குளத்தூர்ப் பக்கம் ஆறு கடலைத் தொடும் இடத்தில், அலை ஒதுக்கிய மணல் திட்டு ஆற்றை அடைத்துக் கிடக்கும். அதுதான் பொழி. மழையில் ஆறு வீங்கினால் வீடுகளுக்குள் வெள்ளம் ஏறும். அப்போது ஊர்க்காரர்கள் கூடி மம்மட்டியால் திட்டின் குறுக்கே கடல் வரை ஒரு சின்னச் சால் கீறிவிடுவார்கள். மனுஷன் வேலை அவ்வளவுதான், மீதியை ஆறு பார்த்துக்கொள்ளும். முதலில் ஒரு குழந்தை தாண்டிவிடும் அகலம்தான் இருக்கும். கொஞ்ச நேரத்தில் இரண்டு கரையையும் தின்று லாரி போகிற அகலமாகும். வெட்டி முடித்ததும் எல்லோரும் ஊர்ப்பக்கம் ஏறிவிட வேண்டும். அங்கே பிறந்தவர்களுக்கு இதை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. என் அம்மை பிறந்த வீடு அங்கேதான். ரப்பர் மலையில் வளர்ந்தவனுக்கு இதெல்லாம் எங்கே தெரியும்.

போன ஐப்பசியில், துலா மழையில் ஆறு பெருகி, பொழி வெட்டுகிறார்கள் என்று தெரிந்ததும் நிபினைக் கூப்பிட்டேன்.

"மக்கா, இதவிட ஒரு படம் ஒனக்குக் கெடைக்காது. வாறியா?"

"இன்னா வாறேன் அண்ணா."

மழை விட்டிருந்தது. சால் அப்போதுதான் ஓடத் தொடங்கியிருந்தது. ஊர்ப்பக்கத்திலிருந்து பார்த்தால் தென்னைகள்தான் தெரியும். சாலுக்கு அந்தப் பக்கம் நின்றால்தான் அதன் முடிவில், கடலுக்கு மேலே, சூரியன் சரியாக உட்காரும். ஆனால் அங்கே முன்னால் கடல், பின்னால் ஆறு. திரும்பி வர அந்தச் சாலுக்கு மேல் தாண்டுவது ஒன்றுதான் வழி. ஒரு எட்டுதானே என்றேன். தாண்டினான்.

மம்மட்டிக்காரர்களில் ஞானையனும் இருந்தார். எங்கள் சபைக்காரர், ஆற்றங்கரையில் வாழைத்தோட்டம் வைத்திருப்பவர். அவர் பதறிப்போய் என்னிடம் ஓடி வந்தார்.

"தாசு, அந்தப் பய எதுக்கு அங்கோட்டு நிக்கான்? கேறி வரச் சொல்லும்."

"ஒத்தப் படம், எடுத்துட்டு இப்ப வந்துருவான். நான் பாத்துக்கிடுதேன். நீங்க போங்க. வாழையில வெள்ளம் எறங்குதான்னு பாருங்க."

அவருக்கு அவருடைய வாழை. மம்மட்டியை என் காலடியில் போட்டுவிட்டுப் போனார். மற்றவர்களும் சாயா குடிக்கக் கிளம்பிவிட்டார்கள்.

படம் எடுக்கிறவன் ஒரு பக்கம்தான் பார்ப்பான், சார். காமிராவுக்குள் கண்ணை விட்டுவிட்டால் காலடியில் நடப்பது தெரியாது. இந்தத் தொழிலில் இருப்பதால் எனக்குத் தெரியும். இடையில் ஒருமுறை கேட்டான்.

"அண்ணா, வெள்ளம் கூடுதா?"

"இல்ல மக்கா. நீ எடு. சூரியன் போயிட்டா பின்ன கிட்டாது."

இன்னொரு முறையும் கேட்டான். அதையே சொன்னேன். அவன் என்னை நம்பினான். என் கண்ணை அவன் கண்ணாக வைத்துக்கொண்டு எடுத்தான் என்று சொல்ல வேண்டும்.

திரும்பியபோது சால் அவன் தாண்டும் அகலத்தில் இல்லை. அவன் நின்ற திட்டும் ஓரத்திலிருந்து இடிந்துகொண்டிருந்தது. அவன் செய்த முதல் காரியம் என்ன தெரியுமா? "அண்ணா, பிடிச்சோங்க" என்று காமிராவை என்னிடம் எறிந்தான். உயிரைவிட அந்த வானம் பெரிது. இவர்களைப் பற்றி நான் நினைத்தது சரிதான் என்று அப்போது தோன்றியது. நன்றாகத்தான் பிடித்தேன், ஒரு சொட்டுத் தண்ணீர் படவில்லை.

பிறகு கையை நீட்டினான்.

இரண்டு கையிலும் காமிரா இருந்தது, அதனால் உதவ முடியவில்லை என்று அன்றைக்கு உங்கள் ஆட்களிடம் சொன்னேன். எழுதிக்கொண்டார்கள், பாவம். காமிராவுக்கு வார் உண்டு, சார், கழுத்தில் மாட்டிக்கொள்ள. காலடியில் ஞானையனின் மம்மட்டி கிடந்தது, நீளக் காம்பு. நீட்டியிருந்தால் எட்டியிருக்கும். நான் நீட்டவில்லை.

மூன்றாம் நாள் உடல் கரையில் ஒதுங்கியது. பெட்டிப் படம் எடுக்க என்னைத்தான் கூப்பிட்டார்கள். ஜோஸ்னாவைக் கொஞ்சம் இடது பக்கம் தள்ளி நிற்கச் சொன்னேன், முகத்தில் நிழல் விழுந்துகொண்டிருந்தது. படம் முடிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணா, கடைசியா அவரு என்ன சொன்னாரு?"

"வெளிச்சம் நல்லா உண்டுன்னு சொன்னான் மக்கா."

அழுகையினூடே அவள் சிரித்தாள். 'அண்ணா, கை தாங்க' என்றான் என்று அவளிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது.

காமிராவை அவளிடம் கொடுத்தேன். படம் பதிந்த கார்டு மட்டும் கெட்டுப்போனது என்றேன். கெடவில்லை. அன்றே கடையை அடைத்துவிட்டுக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். நிறம் ஏற்றியிருப்பான், கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்றுதான். ஆனால் காமிராவிலிருந்து நேராக வந்த படத்தில் எதை ஏற்ற முடியும்? நானும் அன்று அங்கே நின்றேன், அந்த வானத்தை என் கண்ணால் பார்த்தேன். அதே நிறம்தான். சாலில் ஓடிய தண்ணீர்கூட அதே சிவப்பு. அதற்குப் பிறகு அவன் என்னிடம் போட்ட பழைய பிரிண்டுகளின் கோப்புகளையும் திறந்து பார்த்தேன். எதிலும் ஒன்றும் சேர்க்கவில்லை.

அது எனக்குக் கோபமாக இருந்தது. முன்பே தெளிவாகச் சொல்லியிருக்கலாமே.

அதற்குள் செல்லசாமி வந்து நின்றார். காலண்டர் அச்சுக்குப் போக வேண்டும், உங்களிடம் ஏதாவது உண்டா என்றார். கொடுத்தேன். பொழியின் அஸ்தமனத்தைப் பார்த்தவுடன் அவர் கண் கலங்கியது. "ஒம்ம கைக்கு இப்படி ஒண்ணு வருமா தாசு" என்று கேட்டார். கீழே ஓரத்தில் என் பெயரோடு வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது. ஞானையன் வீட்டுக்கும் போனது. பொழி வெட்டிய பிறகு அந்த இடத்தில் நின்று எடுத்தவன் கரை ஏறியிருக்க மாட்டான் என்று அவருக்குச் சுவரில் மாட்டும்போதுதான் உறைத்திருக்கிறது. ஆணியிலிருந்து கழற்றி நேரே உங்களிடம் கொண்டுவந்துவிட்டார், அதுவும் சுருட்டி.

திருட்டு என்று எழுதாதீர்கள், சார். அதில் என் வேலையும் உண்டு. அந்தச் சிவப்பைப் பாதியாகக் குறைத்தேன். இல்லாவிட்டால் அது என் படம் என்று யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.