பதினோராம் மேசையில் அமர்ந்திருந்தவருக்கு

எல்லைப்புறத்துப் பிள்ளைகளுக்கு எண்ணைக் கண்ணெனத் தந்த ஏந்தலே! கணக்கென்றால் கலங்கி நின்றவர்க்கும் கற்கண்டாய்க் கரைத்தூட்டிய கனிவே! முதல் மணி முழங்குமுன் முப்பத்து மூன்று ஆண்டுகளும் முற்றத்தில் வந்து நின்ற முறைமையே! தமிழ்வழிக் கணித ஆசிரியர், திருமிகு கமலக்கண்ணன் ஐயா அவர்களே! முன்வரிசையில் வீற்றிருக்கும் அவர்தம் துணைவியார், ரத்தினம்மா அம்மையாரே! உங்கள் இருவருக்கும் எங்கள் பணிவான வணக்கம்.

இதே நடையில் இன்னும் இரண்டு பக்கம் எழுதலாம். எழுதத் தொடங்கியும் இருந்தோம். அது வேண்டாம் என்று தாங்களே சொல்லிவிட்டதால் கிழித்துப் போட்டோம். இந்தப் பணிநிறைவு மடலை எழுதும் பொறுப்பு எங்கள் கணினி ஆசிரியை நளினியிடம் இருந்தது. பாராட்டு மடலில் ‘நான்’ என்று எழுதும் வழக்கம் இல்லை என்பதால், எழுதுகிறவளையும் நளினி என்றே குறிப்பிட்டிருக்கிறோம். மரியாதை விகுதி தனக்கு வேண்டாம் என்று அவளே கேட்டுக்கொண்டாள்.

பாலசமுத்திரத்தில் பதினோர் ஆண்டு, இங்கே இருபத்திரண்டு ஆண்டு என்று தாங்கள் ஆற்றிய தொண்டை ஊரே அறியும். இந்த ஆந்திர எல்லையில் தெலுங்கு வழிப் பிள்ளைகளுக்கு மாதிரி வினாத்தாள்கள் கட்டுக்கட்டாக வரும். நம் தமிழ்வழிப் பிள்ளைகளுக்கு வருவதில்லை. அதற்காக யாரிடமும் முறையிட்டு ஓய்ந்துபோகாமல், ஓய்வு நேரமெல்லாம் கணினி அறையின் பதினோராம் மேசையில் அமர்ந்து, ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டி, பத்தாம் வகுப்புக்குத் தமிழில் வினாத்தாள் ஆக்கித் தந்தவர் தாங்கள். பிள்ளைகள் எத்தனை முறை தவறாகப் போட்டாலும் ‘பர்வாலேது’ என்று தெலுங்கில் தேற்றிவிட்டு, மறுபடி முதல் வரியிலிருந்து தொடங்குவீர்கள். அந்த ஒரு சொல்லை நம்பியே கணக்கில் கரையேறியவர்கள் இந்த மண்டலத்தில் ஆயிரம் பேராவது இருப்பார்கள்.

அந்த அறைக்குத்தான் சென்ற ஆண்டு கண்காணிப்பு மென்பொருள் வந்தது. திருப்பதியில் இரண்டு நாள் பயிற்சி முடித்துத் திரும்பிய நளினிக்குக் கால் தரையில் பாவவில்லை. இருபது கணினிகளிலும் அதை ஏற்றினாள். பாதிக் கட்டங்கள் கறுப்பாகவே நின்றபோது, ஃபயர்வால் தடுப்பதைக் கண்டுபிடித்து ஒவ்வொன்றாக அனுமதி கொடுத்தாள். மூன்றாம் நாள், தன் மேசையில் இருந்தபடியே இருபது திரைகளையும் இருபது கட்டங்களாகப் பார்த்தாள். கட்டங்களை மேசை வரிசைப்படி அடுக்கி, எந்தக் கணினி எந்த எண் என்று பெட்டிகளில் சீட்டும் ஒட்டினாள். அவள் இருக்கும் இடத்திலிருந்து கணினிகளின் முதுகுதான் தெரியும். இனி எவர் திரையும் தன் கண்ணுக்குத் தப்பாது என்று அன்று அவள் சொன்னதை நாங்கள் அனைவரும் கேட்டோம்.

தசரா விடுமுறைக்கு முதல் நாள், வழக்கம்போல் ஆயுத பூஜை. இருபது பெட்டிகளையும் இறக்கித் துடைத்து, சாமி படத்தின் முன் வரிசையாக வைத்து, சந்தனமும் குங்குமமும் தாராளமாக அப்பினோம். பெட்டிக்குப் பெட்டி, ஒட்டியிருந்த எண் சீட்டின் மேலேயே அப்பினோம். விடுமுறை முடிந்ததும் கைக்கு வந்த பெட்டியைக் கண்ணில் பட்ட மேசையில் தூக்கி வைத்தோம். சாமி சந்தனத்தைச் சுரண்டிப் பார்க்க யாருக்கும் கை வரவில்லை. இருபது கட்டங்களும் பளிச்சென்று தெரிந்ததால், நளினியும் சரிபார்க்கவில்லை.

அடுத்த வாரம் ஒரு பிற்பகல். பதினோராம் மேசையில் தாங்கள் குனிந்து தட்டிக்கொண்டிருந்தீர்கள். நளினியின் திரையில் பதினோராம் கட்டத்தில் சீட்டாட்டம் ஓடிக்கொண்டிருந்தது. எழுந்து பத்தடி நடந்து வந்து தங்கள் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். அவள் எழவில்லை. முழுத்திரையையும் படம் பிடித்து, பதினொன்றைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். ஐந்து நிமிடத்தில் ஒன்பது சிரிப்புப் பொம்மைகள் வந்து விழுந்தன. அந்த ஒன்பது பேரும் நாங்கள்தான்.

மறுநாள் கூட்டத்தில் தலைமையாசிரியை சுலோச்சனா அம்மையார் தங்களிடம் விளக்கம் கேட்டார். தாங்கள் சொன்னது இவ்வளவுதான்:

“அது நான் இல்லம்மா. நான் கணக்கு அடிச்சிக்கினு இருந்தேன்.”

மென்பொருள் பொய் சொல்லுமா என்று நளினி கேட்டாள். முப்பத்து மூன்று ஆண்டுச் சொல்லை ஒரு தட்டில் வைத்து, மூன்று வார மென்பொருளை மறு தட்டில் வைத்தபோது, நாங்கள் எந்தப் பக்கம் சாய்ந்தோம் என்பதை எழுதவே கை கூசுகிறது. கணினி அறைச் சாவி தங்களிடமிருந்து வாங்கப்பட்டது. அதன்பிறகும் வினாத்தாள் ஒரு வாரம்கூட நிற்கவில்லை. கையால் எழுதி நகலெடுத்துக் கொடுத்தீர்கள். தாங்கள் உள்ளே வந்தால் ஆசிரியர் அறையில் பேச்சு நின்றுவிடும். அதையும் தாங்கள் கவனித்திருப்பீர்கள்.

பொங்கல் விடுமுறை கழிந்து, பதினோராம் கட்டம் அடிக்கடி கறுப்பாகிப்போக, பழுது பார்க்கத் திருப்பதியிலிருந்து சலீம் என்பவர் வந்தார். பதினொன்றின் திரையை நளினியின் மேசையிலிருந்தே பூட்டிப் பார்க்கச் சொன்னார். நளினி பொத்தானை அழுத்தினாள். பதினோராம் மேசையில் இருந்த பிள்ளை தன் பாட்டுக்குத் தட்டிக்கொண்டிருந்தது. நான்காம் மேசையில் இருந்த ஒன்பதாம் வகுப்பு கீர்த்திதான் எழுந்து நின்று, “மிஸ், என்துதான் நின்னுபூட்ச்சு” என்றாள். நளினி குனிந்து, அந்தப் பெட்டியில் காய்ந்திருந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டினாள். உள்ளே அவள் கையெழுத்திலேயே பதினொன்று என்று இருந்தது. தங்கள் மேசையில் இருந்த பெட்டியைச் சுரண்டினாள். அது நான்கு.

அவள் கைப்பேசியை எடுத்து அந்தப் பழைய படத்தைத் திறந்தாள். சிவப்பு வட்டத்துக்கு வெளியே, நான்காம் கட்டத்தில், ‘செங்கோண முக்கோணம் ஒன்றின் கர்ணம்’ என்று தமிழில் பாதி தட்டிய கணக்கு ஒன்று நின்றது. இந்தப் பள்ளியில் தமிழில் கணக்குத் தட்டுகிறவர் வேறு யார்? தாங்கள் சொன்ன உண்மை, தங்களைக் குற்றவாளியாக்கிய அதே படத்துக்குள் நான்கு மாதமாக இருந்தது. நாங்கள் அத்தனை பேரும் பார்த்தோம். ஒருவரும் அதைப் படிக்கவில்லை.

சலீமுக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டு, நளினி ஒன்பது நாள் வாயைத் திறக்கவில்லை. ஐயாவே இன்னும் சில நாளில் ஓய்வு பெறுகிறார், முடிந்ததைக் கிளறுவானேன் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அப்போதுதான் இந்த மடல் அவள் தலையில் விழுந்தது. ‘நேர்மையின் நெடுங்கோபுரமே’ என்று முதல் வரியை எழுதினாள். இரண்டாவது வரி வரவில்லை. அந்தத் தாளோடு எழுந்து வந்து, தங்கள் முன் நின்று எல்லாவற்றையும் சொன்னாள். ‘பர்வாலேது’ என்று சொல்லிவிடுவீர்கள் என்று எதிர்பார்த்தாள். தாங்கள் சொல்லவில்லை. சொன்னது இது:

“யாரோ இத என் மச்சான் காதுல போட்டுட்டாங்கம்மா. இந்த வயசுல சீட்டான்னு ரத்தினம்மா ஒரே ஒரு தபா கேட்டா. இல்லன்னேன். நம்பல. நாலு மாசமா சோத்த போட்டுட்டு அந்தாண்ட போய் உக்காந்துக்கினு இருக்கா. எனக்குப் புகழெல்லாம் வாணாம். நடந்தத நடந்தமாரி எழுதி, அவ எதிர்ல படிங்க. ப்ரேம் போட்டுக் குடுங்க, ஊட்டுல மாட்டிக்கிறேன்.”

அன்று மாலையே நளினி எங்களைக் கூட்டி, தங்களிடம் சொன்னதை எங்களிடமும் சொன்னாள். உடற்கல்வி ஆசிரியர் சுதீர் எழுந்தார். அன்று நான்காம் மேசையில் அமர்ந்திருந்தவர் தாம்தான் என்றார். குழுவில் படம் வந்ததுமே அது தம் ஆட்டம் என்று தெரிந்துகொண்டதாகவும், தெரிந்தே சிரிப்புப் பொம்மை போட்டதாகவும் சொன்னார். கேள்வி கேட்கத் தெரிந்த தமக்குப் பதிலைக் கேட்கத் தெரியவில்லை என்று தலைமையாசிரியை சொன்னார்.

ரத்தினம்மா அம்மையாரே, தங்கள் கணவர் சீட்டாடவில்லை. அன்று அவர் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு தட்டிக்கொண்டிருந்தார். அவர் தங்களிடம் சொன்னது உண்மை. பொய்யைப் பரப்பியவர்கள் நாங்கள்.

ஐயா, நோயற்ற உடலும் நிறைந்த ஆயுளும் தங்களுக்கு வாய்க்கட்டும் என்று மனதார விழைகிறோம். இனி தங்கள் வீட்டில் இருவரும் ஒன்றாய் அமர்ந்து உண்ணட்டும். எங்களை மன்னிக்கச் சொல்லி இந்த மேடையில் கேட்கமாட்டோம். கேட்டால், சபைக்கு அஞ்சி அந்தப் பழைய சொல்லைச் சொல்லிவிடுவீர்கள். அதை எங்களுக்கு இன்று தராதீர்கள்.

இந்த மடலின் கீழே அந்தப் படத்தையும் அச்சிட்டுச் சட்டமிட்டிருக்கிறோம். பதினொன்றின் மேல் இருந்த வட்டத்தை அழித்துவிட்டு, நான்கின் மேல் போட்டிருக்கிறோம். கணக்கு, கண்ணாடிக்கு அப்பாலிருந்தே படிக்கும் அளவுக்குப் பெரிதாகத் தெரிகிறது.

இப்படிக்கு,
வட்டம் போட்ட நளினி,
சீட்டாடிய சுதீர்,
சாவியை வாங்கிய சுலோச்சனா,
சிரித்த மற்ற எட்டுப் பேர்.

சத்தியவேடு மண்டலம், 28.02.2026