பூஜையில் வைத்த பெல்ட்

பூந்தமல்லியிலிருந்து ஆவடி போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பேர். ஜன்னலோரம் இருந்தவர் ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர் என்பது பேச்சில் தெரிந்தது. மடியில் இருந்த கிரீஸ் படிந்த துணிப்பையிலிருந்து வளைந்துபோன இன்ஜின் வால்வு ஒன்றை எடுத்து நண்பரிடம் நீட்டினார்.

“பாரு மாமே. பூஜை போட்டது புது பெல்ட்டுக்கு, அறுந்தது பழைய பெல்ட்டு.”

“இன்னா சொல்றே?”

“டைமிங் பெல்ட் தேஞ்சி போச்சி, மாத்துன்னு மெக்கானிக் சொன்னாரு. புதுசு வாங்கினேன். ஆயுத பூஜை வருதே, சாமி கிட்ட வச்சிட்டு மாட்டலாம்னு சந்தனம் குங்குமம்லாம் வச்சேன். அப்பால, நல்லா ஓடிகினு கீற இன்ஜின ஏன் பிரிக்கணும்னு உட்டுட்டேன். போன வாரம் சென்னீர்குப்பம் கிட்ட அறுந்துட்சி. பெல்ட் இழுக்காம வால்வு தெறந்தபடியே நின்னுட்சி, பிஸ்டன் மேல வந்து இடிச்சதுல எல்லாம் இப்டி ஆயிட்சி.”

“வண்டியில புள்ளைங்க?”

“எறக்கி உட்டுட்டு வந்துகினு இருந்தேன். மறுநாளே எல்லாம் வேற வேன்ல ஏறிட்சிங்க. இனிமே திரும்பி வராதுங்க.”

நண்பர் வால்வை நிமிர்த்திவிடலாம் என்பதுபோல இரு கையாலும் அழுத்திப் பார்த்தார். பருத்திப்பட்டு வந்ததும் அதைத் திருப்பிக் கொடுத்தார்.

“அந்தப் புது பெல்ட்டயாவது இப்ப மாட்டிக்கலாம் இல்ல?”

“ஊட்ல தர மாட்டேன்றா. புள்ளைங்க எறங்குனப்புறம் அறுந்ததே அதோட புண்ணியந்தானாம். தெனம் வெளக்கேத்தி கும்புடுறா.”